கீழ்க்கட்டளை, பெண், ஆசிரியை: ஒன்று

சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற கையோடு நான் சேர்ந்த வேலையின் பெயர் நீளமானது: புதிதாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டவர்களின் சமூக விவரத் தொகுப்பாளர். வீட்டில் அதை ‘டேட்டா வேலை’ என்று சுருக்கினார்கள். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ‘கம்ப்யூட்டர் வேலை’ ஆகியிருந்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. தாம்பரத்துக்குத் தெற்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்ணுக்குத்தான் வரன் அமையும் என்று நம்பப்பட்ட காலம். ஆகவே, ரகசியம் காப்பது எப்படி என்பதை அலுவலகத்தில் பயிற்சி கொடுப்பதற்கு முன்பே என் அம்மா எனக்குக் கற்பித்திருந்தார்.

எங்கள் தொண்டு நிறுவனம் மேற்குத் தாம்பரத்தில், மிக்ஸி பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மாடியில் இயங்கியது. கீழே மிக்ஸி ஓடும்போது மாடியில் பேசுவது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. ஓடாதபோது தெருமுனை வரை கேட்கும். எனவே படிவத்தின் நான்காம் பக்கத்து அந்தரங்கக் கேள்விகளை, மிக்ஸியை முடுக்கிவிடும் நேரம் பார்த்துக் கேட்கப் பழகியிருந்தேன். பூர்த்தியான படிவங்கள் இரும்பு பீரோவில் பூட்டப்பட்டன. சாவி தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக அதைப் பீரோவின் பக்கவாட்டிலேயே ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தோம்.

எங்கள் இயக்குநர், அரசுத் துறை ஒன்றில் புள்ளிவிவரப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். நேர்மையானவர். எந்த எண்ணையும் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இல்லாமல் உச்சரிப்பதை அநாகரிகமாகக் கருதுபவர். ஆய்வு தொடங்குவதற்கு முன்பே அறிக்கையின் அட்டையை அச்சடித்து வைத்திருந்தார், அதில் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஒரு லாரி அஸ்தமனத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. “மேடம், இந்த வியாதி எப்படிப் போகுதுங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நீங்க அதை உறுதிப்படுத்தினா போதும்” என்று முதல் நாளே என் வேலையைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார்.

லாரி ஓட்டுநர்கள் வராமலில்லை. ஆனால் அட்டைப்படத்தில் இடம்பெறாதவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியேறும் அலுவலகப் பணியாளர்கள் வந்தார்கள். பம்மல் தோல் பட்டறையில் கைப்பை தைக்கும் ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே “எனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லைன்னு மொதல்ல எழுதிக்குங்க” என்று ஆணையிட்டார். கூடுவாஞ்சேரி மனைப்பிரிவில் புதுக்குடித்தனம் வந்த பெண் ஒருத்தியைக் கர்ப்பகாலப் பரிசோதனை எங்களிடம் அனுப்பியது. அவளோடு வந்த மாமியார், “எங்க பையன் சொக்கத்தங்கம், இதைத்தான் கொஞ்சம் விசாரிங்க” என்று மருமகளைக் கைகாட்டினார். சொக்கத்தங்கம் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து பரிசோதனை செய்துகொள்ளும் எண்ணம் அதற்குக் கடைசிவரை வரவில்லை.

இவர்களில் எவரும் தம் ஊரில் பரிசோதனை செய்துகொள்வதில்லை என்பதையும் கவனித்தேன். கூடுவாஞ்சேரிக்காரர் தாம்பரம் வருவார். தாம்பரத்துக்காரர் செங்கல்பட்டு போவார். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க எல்லோரும் ஒரே நாளில் ஒருவர் ஊருக்கு ஒருவர் போனதால், எல்லோரும் எல்லோரையும் ரயிலில் சந்தித்துக்கொண்டார்கள். “எங்க இந்தப் பக்கம்?” என்ற கேள்விக்கு, “ஒரு கல்யாணம்” என்பதே இரு தரப்பின் பதிலும்.

எங்கள் படிவம் ஆறு பக்கம். பெயர் எழுத இடமே கிடையாது. பெயர் கேட்பது வேலையை இழக்கத்தக்க குற்றம். தொழில் என்ற கட்டத்தில் லாரி ஓட்டுநர், கிளீனர், கட்டடத் தொழிலாளி, ஓட்டல் ஊழியர், பாலியல் தொழிலாளி, வேலையில்லாதவர் என்று வரிசையாக எண்கள் இருந்தன. இதைத் தயாரித்தவர், இந்நோய் வரத் தகுதியானவர்களை முன்கூட்டியே தேர்வு செய்துவிட்டார் என்பது தெளிவு. விடுபட்டவர்களுக்குக் கடைசியில் ‘பிற (குறிப்பிடவும்)’ என்று ஒரு கோடு விட்டிருந்தார். எனக்கு முன்பிருந்தவர், வீட்டிலிருக்கும் பெண்கள் எல்லோரையும் ‘வேலையில்லாதவர்’ என்றே பதிந்திருந்தார். காலை நான்கு மணிக்குக் குழாயடியில் குடத்தோடு நிற்கத் தொடங்கி, நோயாளிக் கணவனைத் துடைத்துக் கிடத்தி, மாலையில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பெண்ணும் எங்கள் பதிவேட்டில் வேலையில்லாதவரே.

எனக்கு இருபத்துநான்கு வயது. ஊழியர் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசினேன். இந்தப் பெண்கள் கணவன்மாரால் ஒருமுறையும் நம் படிவத்தால் மறுமுறையும் அழிக்கப்படுகிறார்கள் என்றேன். ஒவ்வொரு பெண்ணும் தன் ஊரோடும் தன் தொழிலோடும் அட்டவணையில் ஒரு தனி வரிக்குத் தகுதியானவள் என்றேன். முடிவுகளை எங்கோ இருக்கும் அலுவலகங்களுக்கு அனுப்பினால் போதாது, மக்களிடமே கொண்டுபோய்ப் படிக்க வைக்க வேண்டும் என்றேன். நான் கற்ற பாடநூல்கள் எல்லாம் என்னோடு சேர்ந்து மேசையைத் தட்டின. இயக்குநர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, “எக்ஸலன்ட் பாயின்ட்” என்றார். அன்றுமுதல் அவர் மனம் மாறிவிட்டது. மாறாமலே இருந்திருக்கலாம்.

அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது அதற்கு ஓரிரு வாரங்களுக்குப் பிறகு. கீழ்க்கட்டளையில் ஒரு மழலையர், தொடக்கப் பள்ளியில் யு.கே.ஜி. ஆசிரியை. முப்பதைச் சற்றே கடந்தவர். கணவர் கிண்டிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்கராக இருந்து, டி.பி. என்று சொல்லப்பட்டு, முந்தைய வருடம் இறந்துபோனார். அது டி.பி. மட்டுமில்லை என்பது இவருடைய ரத்தத்தைச் சோதித்த பிறகே தெரிந்தது. மகனுக்குத் தொற்று இல்லை. அவன் இவர் பணியாற்றும் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு. ஆசிரியையின் பிள்ளை என்பதால் கட்டணம் கிடையாது.

“மேடம், பேரு எங்கயும் வராதுல்ல?” என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் படிவத்தைப் புரட்டிக் காட்டினேன்.

“போன வருஷம் எங்க ஸ்கூல் ஆயாம்மாவுக்கு டி.பி.ன்னு யாரோ சொல்லிட்டாங்க. கரஸ்பாண்டன்ட் சார் அன்னிக்கே நிறுத்திட்டார். அவங்க உக்கார்ற ஸ்டூலைப் பினாயில் ஊத்திக் கழுவி, அப்புறம் அதையும் தூக்கிப் போட்டுட்டாங்க.” அவர் சிரித்தார். “இதுன்னு தெரிஞ்சா ஸ்கூலையே கழுவுவார். என் வேலையும் போகும், பையன் படிப்பும் போகும்.”

“பேரே இல்லைங்க அக்கா. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

தொழில் கட்டத்துக்கு வந்தோம். எண் கொடுக்கப்பட்ட தொழில்களில் ஆசிரியை இல்லை. எனக்கு முன்பிருந்தவராக இருந்தால் ஏதோ ஒரு எண்ணை வட்டமிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். நான் ‘பிற’ என்பதற்கு எதிரே இருந்த கோட்டில், என் அழகான கையெழுத்தில், மழலையர் பள்ளி ஆசிரியை என்று குறிப்பிட்டேன்.

டிசம்பர் முதல் தேதி எய்ட்ஸ் தினம். அன்று ஆய்வு முடிவுகளை மக்கள் முன்னிலையில் வெளியிடுவது என்று இயக்குநர் முடிவு செய்தார். வாடகையில்லாமல் ஓர் அரங்கம் தேடியபோது, கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளித் தாளாளர் தம் பள்ளியின் தகரக்கூரை அரங்கத்தைப் பெருந்தன்மையோடு தர முன்வந்தார். அதனால் அவரே சிறப்பு விருந்தினரும் ஆனார். எந்தப் பள்ளி என்பதை அழைப்பிதழ் அச்சாகி வந்தபோதுதான் கண்டேன். பெயர் எழுதாத படிவத்தில் பள்ளியின் பெயர் மட்டும் எப்படி இருக்கும்? இயக்குநருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த ஆசிரியை பேச்சுவாக்கில் சொல்லி, அது அவருடைய பள்ளி என்று தெரிந்த ஒரே ஆள் நான். அப்போதுகூட அழைப்பிதழை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பெயர்தான் இல்லையே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஃப்ளெக்ஸ் வந்தது. மேடையின் பின்புறம் முழுவதையும் மறைக்கும் அளவில், ஊர், பாலினம், வயது, குடும்ப நிலை, தொழில், எண்ணிக்கை என்று கட்டம் கட்டிய அட்டவணை. தூரத்திலிருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று எழுத்துகளை என் உள்ளங்கை அகலத்துக்குப் போடச் சொல்லியிருந்தார் இயக்குநர். அச்சுப்பிழை பார்ப்பதற்காக அதைத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் மேல் முழந்தாளிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அந்த ஆசிரியை படியேறி வந்தார். விழாவில் யு.கே.ஜி. குழந்தைகள் ஓர் ஆட்டப்பாட்டு நடத்த வேண்டும் என்று தாளாளர் அவரைப் பணித்திருந்தார். குழந்தைகளுக்குக் குத்திவிடச் சிவப்பு ரிப்பன் வாங்கிப்போக வந்திருந்தார்.

ஆசிரியைகளுக்கு எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமலிருக்க முடியாது. அவர் ஓரமாக நடந்து, கடைசி வரிக்கு வந்து நின்றார். கீழ்க்கட்டளை, பெண், 30 முதல் 34, கணவரை இழந்தவர், மழலையர் பள்ளி ஆசிரியை, 1.

“மேடம், இது நான்தானே?”

“பேரு இல்லையே அக்கா” என்றேன். நாக்கு பழகிய தடத்தில் தானாக ஓடியது.

“ஆமா. பேரு மட்டுந்தான் இல்ல.”

கீழே மிக்ஸி ஓடத் தொடங்கியது. அது ஓடி முடியும்வரை இருவரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அந்த ஏரியாவுல நர்சரி ஸ்கூலு மொத்தமே ரெண்டு” என்றார். “இன்னொண்ணுல மூணு மிஸ்ஸுக்கும் புருஷன் இருக்கான். எங்க ஸ்கூல்ல தாலி இல்லாத மிஸ்ஸு நான் ஒருத்திதான். இதை எங்க சாரு படிக்கணும்னு அவரு ஸ்கூல்லயே கொண்டாந்து மாட்டப் போறீங்க. நான் பசங்கள கூட்டிக்கினு அதுக்கு முன்னாடி டான்ஸ் ஆடணும்.” பிறகு, ஏதோ தவறு செய்த மாணவியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “லாரி டிரைவர்னு போட்டிருந்தீங்கன்னா கூட்டத்தோட கூட்டமா நின்னிருப்பேன்.”

இன்றுவரை நான் கேட்ட ஆய்வுமுறை விமர்சனங்களில் இதற்கு இணையானது இல்லை. படிவம் எதிர்பார்த்தவர்கள் எல்லோரும் எண்ணிக்கைக்குள் ஒளிந்துகொண்டார்கள். எதிர்பாராத ஒருத்தியை மட்டும் நான் நீதிக்காகப் போராடித் தனியே நிறுத்தியிருந்தேன்.

“ரிப்பனை எண்ணிக் குடுங்க மேடம், முப்பத்தாறு பசங்க” என்று சொல்லி, வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை இயக்குநரிடம் பேசினேன்.

“சார், கடைசி வரியை எடுத்துடலாம் சார்.”

“எதுக்கு?”

“அங்க அப்படி ஒருத்தங்கதான் இருக்காங்க. பார்த்தா தெரிஞ்சுடும்.”

“பேர் போட்டிருக்கோமா?”

“இல்ல சார்.”

“அட்ரஸ்?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? மேடம், ‘ஒவ்வொரு பெண்ணும் ஒரு வரிக்குத் தகுதியானவள்’னு நீங்கதானே சொன்னீங்க? அதை அப்படியே ஃபண்டிங் ஏஜென்சிக்கு மெயில் அடிச்சேன். ‘வெரி மூவிங்’னு பதில் போட்டிருக்காங்க. இப்ப போய் வரியை எடுக்கறதா? ஒண்ணை எடுத்தா கூட்டுத்தொகை இடிக்கும்.”

“யாரு சார் கூட்டிப் பார்க்கப் போறாங்க?”

“நான் பார்ப்பேன்” என்றார் அவர், நிஜமான வேதனையோடு.

பிறகு, அலுவலகத்தில் எலித்தொல்லை இருப்பதால் கடித்துவிடும் என்று சொல்லி, ஃப்ளெக்ஸைத் தாமே சுருட்டித் தம் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அந்த வரியின் மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிடலாம் என்ற என் எண்ணமும் அவர் காரின் பின்னிருக்கையில் ஏறிப் போயிற்று. ராஜினாமா செய்யலாமா என்று யோசித்தேன். நான் ராஜினாமா செய்தாலும் ஃப்ளெக்ஸ் ராஜினாமா செய்யாது. தாளாளரிடம் நேரில் போய்ப் பேசலாம். அப்படிப் பேசினால் அவர் அட்டவணையைப் படிக்கும் சிரமம் மிச்சமாகும், அவ்வளவே. இரவெல்லாம் விளைவுகளை எடைபோட்டும் எந்தத் தட்டிலும் அந்தப் பெண்ணின் வேலை மிஞ்சவில்லை. காலையில் அழைப்பிதழை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, தலைமை என்ற சொல்லுக்குக் கீழே அந்த வட்டாரக் கவுன்சிலரின் படம் தபால்தலை அளவில் இருப்பதைக் கவனித்தேன்.

கவுன்சிலரின் உதவியாளரை அவருடைய கட்சி அலுவலக வாசலில் பிடித்தேன். வெள்ளைச் சட்டை, இரண்டு கைக்கும் இரண்டு செல்போன்.

“அண்ணா, நாளன்னிக்கு எய்ட்ஸ் விழா. மேடைக்குப் பின்னாடி என்ன வருதுன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு வந்தேன்.”

“இன்னா வருது?”

“டேபிள்.”

“இன்னா டேபிளு? சாப்புடுற டேபிளா?”

“இல்லண்ணா, கணக்கு அட்டவணை. மேடை மொத்தமும் அதான். கவுன்சிலர் சார் படத்துக்குத்தான் இடமே இல்லாம போச்சு.”

ஒரு செல்போன் காதிலிருந்து இறங்கியது. “இன்னாம்மா சொல்ற? அண்ணன் குந்தற ஸ்டேஜில அண்ணன் மூஞ்சி இல்லன்னா, நாங்கல்லாம் இன்னாத்துக்குக் கீறோம்? அந்தக் கரஸ்பாண்டன்ட் மூஞ்சி கீதா?”

“அழைப்பிதழ்ல அவர் படம் கொஞ்சம் பெரிசுதான்” என்றேன். அது உண்மை. ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

“நீ போம்மா. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.”

விழா நாளன்று காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. இயக்குநர் தம் கையால் அட்டவணையை மேடையில் கட்டி முடித்துத் தள்ளி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பேனர், எங்களுடையதைவிட இரண்டடி அகலம். நடுவில் கவுன்சிலர் கைகூப்பி நின்றார். அவரைச் சுற்றி ஆதரவாளர்கள் சிறு வட்டங்களுக்குள் செல்போன் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே பொன்னெழுத்தில், ‘அனைவருக்கும் இனிய எய்ட்ஸ் தின நல்வாழ்த்துகள்.’ ஐந்தே நிமிடத்தில் எங்கள் ஆய்வு முழுவதும் அதற்குப் பின்னால் போயிற்று.

“சார், டேட்டா மறையுது, டேட்டா மறையுது!” என்று இயக்குநர் பதறினார்.

“டேட்டா எங்க சார் ஓடிடப் போவுது?” என்றார் உதவியாளர். “அண்ணன் ஒன் அவர்தான் இருப்பாரு. அவரு போனதும் நாங்களே அவுத்துடுவோம். இதை இட்டுகினு போயி மெயின் ரோட்ல கட்டணும். அப்பால நீங்க டேட்டாவைக் காட்டிக்கினே இருங்க.”

ஒரு மணி நேரம் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது, தம் குழந்தைகள் ஆடுவதைப் பார்க்க வந்த பெற்றோர்கள். அந்தப் பெண் முன்வரிசைக்கு முன்னால், தரையில், முப்பத்தாறு சிவப்பு ரிப்பன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு சன்னலருகே இருந்தான். கவுன்சிலர் வந்தார், பொன்னாடை போர்த்தப்பட்டார், எய்ட்ஸை இந்த வட்டாரத்துக்குள் நுழைய விடமாட்டேன் என்று சூளுரைத்தார், கிளம்பினார். ஒரு மணி நேரம் என்று சொன்னது முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அடுத்துத் தாளாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நம்ம ஏரியா டீசன்ட்டான ஏரியா. இந்த வியாதியெல்லாம் ஹைவேஸ்ல வர்றது, ஹைவேஸ்லயே போயிடறது. நமக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் விழிப்புணர்வு நல்லது. எனக்கு முப்பது வருஷ சர்வீஸ். அந்த மாதிரி ஒருத்தர் என் கேம்பஸுக்குள்ள காலை வெச்சா, மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவேன். இந்தக் குழந்தைகளை எவ்வளவு சுத்தமா, எவ்வளவு ஒழுங்கா ரெடி பண்ணியிருக்காங்க பாருங்க! நம்ம யு.கே.ஜி. மிஸ்ஸுக்கு ஒரு கைதட்டு!”

எல்லோரும் தட்டினார்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அப்போதுதான், மேடையின் பின்னால் இரண்டு பேர் பேனரின் கீழ்க்கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். கீழ்முனை விடுபட்டுக் காற்றில் தூக்கியது. மேலே கவுன்சிலர் கும்பிட்டுக்கொண்டிருக்க, அவருடைய செருப்புகளுக்குக் கீழே எங்கள் அட்டவணையின் அடிப்பகுதி எட்டிப்பார்த்தது. கடைசி வரி தெரியத் தொடங்கியது. முதலில் கீழ்க்கட்டளையின் முதல் எழுத்து. நான் அரங்கின் பின்வாசலில் இருந்தேன். மேடைக்கு ஓடினாலும் எட்டாது. இயக்குநர் முகத்தில் நாள் முழுவதும் இல்லாத மகிழ்ச்சி பரவியது.

அந்த ஆசிரியை திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, அரங்கம் அதிரும்படி வகுப்பறைக் குரலில் ஒரு ஆணை: “பசங்களா, கெட் அப்! ஓடு ஓடு, மேடைக்கு! பெஞ்ச் மேல ஏறி நிக்கணும்! உயரமானவங்க பின்னாடி!”

முப்பத்தாறு பேரும் மேடையில் ஏறினார்கள். பின்னாலிருந்த பெஞ்சுகளில் வரிசையாக நின்றார்கள். கடைசி வரி இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் தடவி வகிடெடுத்த தலைகள் மட்டும் இருந்தன. அவர் உதவியாளரிடம் போனார்.

“அண்ணா, போட்டோ எடுக்கப் போறாங்க. கயிறைக் கட்டிடுங்கண்ணா. பசங்களோட கவுன்சிலர் சாரும் வரட்டும், பேப்பர்ல போட்டா நல்லா இருக்கும்.”

“தோடா! ஸ்கூல் மிஸ்ஸுன்னா மிஸ்ஸுதான்” என்று உதவியாளர் நெகிழ்ந்துபோய், “டேய், இறுக்கிக் கட்டுடா!” என்று குரல் கொடுத்தார்.

பெற்றோர்கள் கேமராவும் செல்போனுமாக மேடையை மொய்த்தார்கள். தாளாளர் நடுவில் வந்து நின்றுகொண்டார். குழந்தைகள் பாடினார்கள், ஒருமுறை, பிறகு, பின்வரிசைப் பெற்றோருக்குச் சரியாகத் தெரியவில்லை என்று மிஸ் சொன்னதால், இன்னொரு முறை, பிறகு ஆங்கிலத்தில். நான்காவது முறை தொடங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரையில் விழுந்த ஓசையில் எய்ட்ஸ், கவுன்சிலர், விழிப்புணர்வு எதுவும் கேட்கவில்லை. மின்சாரம் போயிற்று. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பெற்றோர்கள் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்கள். நிறைவுரையாக அட்டவணையை விளக்கவிருந்த இயக்குநர், இருட்டில், கையில் சுட்டிக்காட்டும் கோலோடு நின்றுகொண்டிருந்தார்.

கவுன்சிலர் பேனர் போன பிறகு, எங்களுடையதை அவிழ்த்துக் கொண்டுவரும் வேலை எனக்கு வந்தது. பள்ளி அலுவலகத்தில் பென்சில் சீவும் பிளேடு ஒன்றும் ஓர் அடிக்கோலும் கேட்டு வாங்கினேன். கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்து, நான்காக நறுக்கி, கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் இயக்குநர் ஃப்ளெக்ஸை விரித்துப் பார்த்தார். அடியில் நீளமாக ஒரு திறப்பு. அதன் வழியாக அலுவலகத்தின் மொசைக் தரை தெரிந்தது.

“என்ன மேடம் இது?”

“எலி, சார்.”

அவர் குனிந்து, ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். “எலிக்கு ஸ்கேல் யாரு கொடுத்தா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெடுநேரம் அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த ஆட்டப்பாட்டு மிஸ்ஸா?” என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பெயரும் அடையாளமும் சொல்வது வேலையை இழக்கத்தக்க குற்றம் என்று விதி இருந்தது. அன்று மாலை, அச்சுக்குப் போகவிருந்த அறிக்கையின் பிரதியில் அவர் பென்சிலால் ஏதோ திருத்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஒற்றை எண்ணிக்கை உள்ள வரிகள் எல்லாம் சேர்ந்து ‘பிற பகுதிகள், பிற தொழில்கள்’ என்று ஒரே வரி ஆகியிருந்தன. கூட்டுத்தொகை இடிக்கவில்லை. அட்டையில் லாரி அப்படியே போய்க்கொண்டிருந்தது, அச்சடித்தாகிவிட்டதே.

ஃப்ளெக்ஸை எங்கள் தெருவில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர் கேட்டு வாங்கிப் போனார். அந்த மழைக்காலம் முழுவதும் தாம்பரத்தின் சமூக விவரம் அவர் வண்டிக்குக் கூரையாக இருந்தது. “இன்னா மேடம், இம்மாம் பெரிய பேனரு குட்த்தீங்க, கரீட்டா நான் துணி மடிச்சு வெக்கற எடத்துல ஓட்டை போட்டு வெச்சிகீறீங்க” என்று நான் கடந்துபோகும்போதெல்லாம் அலுத்துக்கொள்வார். அந்த இடத்தில் ஒரு பால் பாக்கெட் உறையை ஊசியால் தைத்துக்கொடுத்து மன்னிப்பு கேட்டேன்.

அடுத்த ஜூனில், பள்ளி திறந்த வாரத்தில், கீழ்க்கட்டளை பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். புதிய யு.கே.ஜி. குழந்தைகளை ஒருவர் பின்னால் ஒருவராகக் கயிறு பிடிக்க வைத்துச் சாலையைக் கடக்கச் செய்துகொண்டிருந்தார். சற்றுப் பருத்திருந்தார், மாத்திரை ஒத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மகன் புதுப் புத்தகப்பையோடு கயிற்றின் கடைசியில் காவலுக்கு வந்தான். என்னை மறந்து நான் சிரித்துவிட்டேன். அவர் கண் என்மேல் பட்டு, அப்படியே நகர்ந்து, வந்துகொண்டிருந்த பேருந்துக்குப் போயிற்று.

கூட நடந்த ஒரு தாய் என்னைத் திரும்பிப் பார்த்து, “யாரு மிஸ், உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க?” என்று கேட்டார்.

“தெரியலயே” என்றார் அவர். “அட்மிஷன் கேட்டு வந்திருப்பாங்க. கயிறை விடாத கண்ணா, நேரா பாரு.”